இல்லாத படகின் கடவுச்சொல்

என் வலது தாடை இன்றைக்கும் ஒழுங்காக மூடாது. முறுக்குக் கடித்தால் காதுக்குள் டக்கென்று ஒரு சத்தம் வரும். எலும்பு சரியாகப் பொருந்தவில்லை என்றார் வைத்தியர். எப்படி வந்தது என்று யாராவது கேட்டால் கணினி திருத்தப் போய் வந்தது என்று சொல்வேன். சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

நாட்டில் சண்டை முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. மன்னார்த் தீவின் கரையில் ஒரு மீனவர் சங்கம் இருந்தது, பெயர் வேண்டாம். யாரோ வெளிநாட்டுக்காரர் அந்தச் சங்கத்துக்குக் கொஞ்சம் பழைய கணினிகளைக் கொடுத்து, பக்கத்தில் நின்று படமும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அவற்றைப் பராமரிக்கவும் சனத்துக்குப் பழக்கவும் என்னைப் பிடித்துப் போட்டார்கள். நான் நறுவிலிக்குளத்து வயல்காரர் வீட்டுப் பிள்ளை. தினமும் பஸ்ஸில், கடலுக்கு மேலால் தீவுக்குப் போகிற தாம்போதியைக் கடந்து வந்து போவேன். கடலைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் மீன்குழம்பு மட்டும்தான். இதை இப்போதே சொல்லிவைக்கிறேன், ஏனென்றால் பிறகு நடந்ததற்கு அந்த அறியாமைதான் காரணம்.

அந்தச் சங்கத்தில் எதுவுமே படகை வைத்துத்தான். மண்ணெண்ணெய் படகுக்கு இவ்வளவு, வலை படகுக்கு இவ்வளவு, நிவாரண அரிசிகூடப் படகுக்கு இவ்வளவு. கணினியில் ஆளுக்கு ஒரு பயனர் கணக்குத் திறக்க வேண்டும் என்று நான் சொன்னதும் தலைவர் தலையை ஆட்டினார்.

"போட்டுக்கு ஒண்டு போதும் பிள்ளை. ஆளுக்கொண்டு எண்டால் சண்டை வரும்."

ஆகவே படகுக்கு ஒரு கணக்கு. கணினியைப் போட்டால் திரையில் ஆட்களின் பெயர் வராது, படகுகளின் பதிவு இலக்கங்கள் வரிசையாக வரும். ஒரு இலக்கத்தை அமுக்கிக் கடவுச்சொல்லைக் கொடுத்தால், அந்தப் படகுக்காரன், அவன் மனைவி, பிள்ளைகள், தம்பிமார், தொழிலுக்குப் போகிற ஆட்கள் எல்லோரும் அதற்குள் போகலாம். கடவுச்சொல்லாக எதை வைத்தார்கள் என்கிறீர்கள்? அதே படகு இலக்கத்தை. படகின் முன்பக்க அணியத்தில் முழ உயரத்துக்கு வெள்ளைப் பெயின்டால் எழுதியிருப்பதை, கடற்கரையில் மேய்கிற கழுதைக்கும் தெரிகிற இலக்கத்தை. நான் தொண்டை கிழியக் கத்தினேன். ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"மிஸ், எங்கட போட் திறக்குதில்லை." காலையில் கதவைத் திறந்ததும் இந்த முறைப்பாடுதான் முதலில் நிற்கும். போய்ப் பார்த்தால் யாராவது பெரிய எழுத்துச் சாவியை அமுக்கிவிட்டிருப்பார்கள். அல்லது தம்பிக்காரன் கடவுச்சொல்லை மாற்றிவிட்டு இந்தியப் பக்கம் மீன்பிடிக்கப் போயிருப்பான். அல்லது ஒரு இளந்தாரி ஏதோ விளையாட்டை ஏற்றப் பார்த்திருப்பான், உனக்கு அந்த அனுமதி இல்லை என்று கணினி சொல்லியிருக்கும். "என்ர போட்டுக்குள்ள எனக்கே அனுமதி இல்லையோ?" என்று ஒருவன் மேசையில் குத்தினான். குத்திய கையில் நான் கோடு போடுகிற அடிமட்டத்தால் ஒன்று போட்டேன். எனக்கும் கை நீட்டுகிற பழக்கம் உண்டு, அதை மறைக்க மாட்டேன்.

ஒருநாள் யாரோ அடுத்த வீட்டுப் படகின் இலக்கத்தை அடித்து உள்ளே போய், அந்த வீட்டுக் கலியாணப் படங்கள் முழுவதையும் அழித்துவிட்டான். பின்னேரம் கரையில் இரண்டு குடும்பமும் துடுப்புகளால் அடித்துக்கொண்டது. ஒரு கிழவரின் மண்டை பிளந்தது. இரத்தம் ஒழுக ஒழுக அவர் என் கதவடியில் வந்து நின்று, "மிஸ், பேத்தியின்ர படம் திரும்பி வருமோ?" என்று கேட்டார். வரவில்லை.

அதற்குப் பிறகு நான் யாரையும் கேட்கவில்லை. மூன்று தரம் பிழையாக அடித்தால் அந்தக் கணக்குப் பூட்டிக்கொள்கிற மாதிரி எல்லாக் கணினிகளிலும் வைத்தேன். பூட்டினால் அரை மணித்தியாலம் காத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் நிர்வாகி வந்து திறக்க வேண்டும். பூட்டியிருக்கிற நேரத்தில் சரியான கடவுச்சொல்லைக் கொடுத்தாலும் அது திறக்காது. நிர்வாகி என்றால் நான். இன்னொன்றையும் பழக்கினேன்: ஒருவர் கடவுச்சொல் அடிக்கும்போது பக்கத்தில் இருப்பவர் முகத்தை மற்றப் பக்கம் திருப்ப வேண்டும். புருஷன் அடிக்கும்போது பெண்சாதியும் திருப்ப வேண்டும், பெண்சாதி அடிக்கும்போது புருஷனும். வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது.

சிரிக்காமல் இருந்தவள் ஒருத்திதான்.

இருபத்தைந்து வயது மதிக்கலாம், ஒரு பெண்பிள்ளையின் தாய். கழுத்துவரை மூடிய சட்டை போட்டுக்கொண்டு வருவாள், வெயில் எப்படி அடித்தாலும். ஒருநாள் எல்லோரும் போகும்வரை நின்றாள். கைபேசியை மேசையில் வைத்து, "இதில இருக்கிறதை எங்கயாவது பத்திரமா வைக்கேலுமோ மிஸ்?" என்றாள். அவளுடைய தமக்கை எடுத்த படங்கள் அவை. முதுகு முழுவதும் நங்கூரக் கயிற்றால் அடித்த தழும்பு. தொடையில் சூடு வைத்த இடம். கழுத்தில் விரல்கள் பதிந்தது அப்படியே தெரிந்தது. எல்லாம் அவளுடைய புருஷன் செய்தது. அவனை அந்தக் கயிற்றாலேயே கட்டிக் கொளுத்த வேண்டும் போல இருந்தது.

நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்டிருந்தாள். கிடைத்தால் அவன் வீட்டுக்குள் காலடி வைக்கக்கூடாது. வீடு அவளுடைய சீதன வீடு. கிடைக்காவிட்டால் அதே வீட்டுக்குள் அவனோடு திரும்பிப் போக வேண்டும், வழக்குப் போட்ட பெண்சாதியாக. அப்படிப் போனால் உயிரோடு இருக்க மாட்டேன் என்று அவள் சத்தமே இல்லாமல் சொன்னாள். சத்தியம் செய்து கொடுத்த கடதாசி மட்டும் போதாது, படங்களும் வேண்டும் என்று அவளுக்காக வழக்குப் பேசுகிற லோயர் அம்மா சொல்லியிருந்தார். திங்கட்கிழமை வழக்குத் தவணை.

அவர்களின் படகுக் கணக்குக்குள் அந்தப் படங்களை வைக்க முடியாது. அவனும் அவனுடைய இரண்டு தம்பிமாரும் அதற்குள் போய்வருகிறவர்கள். அவளுடைய பெயரில் புதுக் கணக்குத் திறந்தால் படகு இலக்கங்களுக்கு நடுவில் ஒரு பெண்ணின் பெயர் திரையில் வந்து நிற்கும். ஆகவே வகுப்பில் அவள் வழக்கமாக இருக்கிற மூலைக் கணினியில் நான் ஒரு படகை உண்டாக்கினேன். மற்றவற்றைப் போலவே ஒரு இலக்கம், கொஞ்சம் கூட்டிக் குறைத்து. யாருக்குத் தெரியப்போகிறது என்று என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன். அவளுடைய கடவுச்சொல் இல்லாமல் நிர்வாகியான நானும் படங்களைத் திறக்க முடியாதபடி வைத்தேன்; அவள் அதை அடிக்கும்போது சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

அடுத்த சில நாட்களில் கைபேசி அவன் கையில் அகப்பட்டது. கல்லில் வைத்துக் குத்திப் பொடியாக்கினானாம். அதே கல்லால் அவளுடைய கால்விரலையும். ஆக, இந்த உலகத்தில் அந்தப் படங்கள் இருந்த இடம் என் மூலைக் கணினி ஒன்றுதான். சங்கத்தின் சி.டி. எழுதும் பெட்டி பழுதாகிக் கிடந்து சனிக்கிழமைதான் திருத்தி வந்தது. அன்றைக்கு மத்தியானம் சி.டி.யில் எழுதி, உப்புக்குளத்தில் இருக்கும் லோயர் அம்மாவின் கையில் கொண்டுபோய்க் கொடுப்பதென்று இரண்டு பேரும் பேசி வைத்திருந்தோம்.

சனிக்கிழமை வகுப்புக் கலைந்தது. அவள் நொண்டிக்கொண்டு பின்வரிசை வாங்கிலிருந்து எழும்பவும் அவன் உள்ளே வரவும் சரியாக இருந்தது. உடுத்திருந்த சாரம் நனைந்திருந்தது. இடுப்பில் மீன் வெட்டும் கத்தி. முதலில் மரியாதையாகத்தான் பேசினான்.

"மிஸ், எங்கட போட்டை ஒருக்காப் பாக்கவேணும்."

ஏலாது என்று சொல்ல எனக்கு ஒரு காரணமும் இல்லை. நேரே மூலைக் கணினிக்குத்தான் போனான். அவள் எதில் இருக்கிறவள் என்று தம்பிமார் சொல்லியிருக்க வேண்டும். ஒற்றை விரலால் தன் இலக்கத்தை அடித்து உள்ளே போனான். அந்தப் படங்களைத் தேடி ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தான். ஒன்றும் இல்லை. வெளியே வந்தான். அத்தோடு போய்விடுவான் என்று நான் நினைத்தேன். ஆனால் திரையில் திரும்பி வந்த இலக்கங்களை அவன் மேலிருந்து கீழாகப் பார்த்துக்கொண்டே வந்தான், விடியப்புறம் கரையில் எந்தப் படகு வந்துவிட்டது, எது வரவில்லை என்று பார்க்கிற மாதிரி. விரல் ஓரிடத்தில் நின்றது.

"இது ஆரின்ர போட்?"

"புதுசாப் பதிஞ்சவை" என்றேன்.

"இந்தக் கரையில இப்பிடி ஒரு போட் இல்லை."

அவனுக்கு எழுத்துக் கூட்டி வாசிக்கவே கஷ்டம். ஆனால் அந்தக் கரையில் படகுக்காரனிடம் படகைப் பற்றிப் பொய் சொல்ல நான் யார்? வயல்காட்டுப் பிள்ளை நான் இலக்கம் என்று நினைத்தது அவனுக்கு ஒரு முகம். கரையில் உள்ள எல்லா முகமும் அவனுக்குத் தெரியும். அவன் திரும்பி அவளைப் பார்த்தான். அவள் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்ற நிற்பே அவனுக்குப் போதுமாக இருந்தது.

தன் படகின் இலக்கத்தை அடித்துப் பார்த்தான். பிழை. தமையனுடையதை அடித்தான். பிழை. மாமனுடைய பழைய படகின் இலக்கத்தை அடித்தான். கணினி ஆங்கிலத்தில் ஒரு பெட்டியைக் காட்டியது.

"என்னவாம்?"

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் என் வாய் அப்படிப்பட்டது இல்லை.

"கணக்குப் பூட்டியாச்சாம். நிர்வாகியிட்டக் கேக்கட்டாம்."

"ஆர் நிர்வாகி?"

"நான்தான்."

சொன்ன விதத்தில் திமிர் இருந்தது. அவன் எழும்பிக் கதவைச் சாத்தினான். "திற" என்றான். "ஏலாது" என்றேன். அடுத்த நொடி என் கொண்டை அவன் கையில் இருந்தது, முகம் மேசை விளிம்பில் இருந்தது. ஒரு தரம், பிறகு இன்னொரு தரம். வாய்க்குள் கல் மாதிரி ஏதோ உருண்டது, துப்பினால் பல். விசைப்பலகையில் இரத்தம் சொட்டி எழுத்துகள் மறைந்தன. நான் அழவில்லை. சிவராத்திரிக்குத் திருக்கேதீஸ்வரத்தில் தேவாரம் பாடுகிற அதே வாயால், என் அப்பா கேட்டால் கிணற்றில் விழக்கூடிய வார்த்தைகளால் அவனைத் திட்டினேன். மூன்றாம் தரம் இடித்தான். பிறகு கத்தி கழுத்துக்கு வந்தது.

"அவவை விடுங்கோ! நான் சொல்லுறன்!" அவள் கத்தினாள். "பிள்ளையின்ர பிறந்த நாள். அதுதான்."

அவன் என்னை விட்டுவிட்டுக் கணினிக்கு முன்னால் குனிந்தான். கை அந்தரத்தில் நின்றது. மகளுடைய பிறந்த நாள் அவனுக்குத் தெரியவில்லை.

"எத்தினையாம் திகதி? சொல்லடி!"

அவள் ஒவ்வொரு இலக்கமாகச் சொல்ல அவன் ஒவ்வொன்றாக அடித்தான். அதே பெட்டி மறுபடியும் வந்தது. வரத்தானே செய்யும்! கணக்குப் பூட்டிக் கிடந்தது, சரியானதை அடித்தாலும் அதே பதில்தான். அது எனக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. பொய் சொன்னாள் என்றே எடுத்துக்கொண்டான்.

அவளுடைய வலது கையைப் பிடித்துக் கதவு நிலையில் வைத்து முறித்தான். அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது. விழுந்தவளை வயிற்றில் உதைத்தான், முதுகில் உதைத்தான், கல்லால் நசித்த காலை மிதித்தான். யன்னல் திறந்துதான் இருந்தது. வெளியே கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்த ஆம்பிளைகளில் ஒருவன் தலையைத் தூக்கி உள்ளே பார்த்தான். பிறகு வலையைப் பார்த்தான். அவனை நான் இன்றைக்கும் மன்னிக்கவில்லை. உதைத்தவனைவிட அவன்மேல் எனக்குக் கோபம் கூட.

என்னால் தாங்க முடியவில்லை. "நிப்பாட்டு!" என்று கத்தினேன். "அவள் சொன்னது சரியான சொல்தான்! மூண்டு தரம் பிழைச்சதால பூட்டிப்போட்டுது! நான் திறந்து விடுறன்!" சும்மா சொல்லவில்லை. மெய்யாகவே திறக்கத்தான் எழும்பினேன். படமாவது மண்ணாவது, அந்த உதை நின்றால் போதும் என்று இருந்தது.

நிலத்தில் கிடந்தபடி அவள் சொன்னாள். "திறக்காதேங்கோ அக்கா."

அதுவரை நான் அவளுக்கு மிஸ். அன்றைக்குத்தான் முதல்முதலாக அக்கா.

நான் கணினியடிக்குப் போனேன். அவன் மூச்சு வாங்கிக்கொண்டு எனக்குப் பக்கத்தில் வந்து நின்றான். "வயர் கழண்டுபோச்சு" என்று உடைந்த தாடையால் ஏதோ முனகிவிட்டு மேசைக்குக் கீழே குனிந்தேன். அங்கே, கரண்ட் நின்றால் கொஞ்ச நேரம் தாங்குகிற யூ.பி.எஸ். பெட்டி இருந்தது. உள்ளே பெரிய பற்றரி, செங்கட்டிக் குவியலைத் தூக்குகிற மாதிரிப் பாரம். வயரோடு பிய்த்து எடுத்தேன். மூலைக் கணினி அணைந்தது. இரண்டு கையாலும் அதைச் சுழற்றி அவனுடைய முழங்காலில் போட்டேன்.

விழுந்தான். கத்தி இருந்த கையில் இன்னொன்று போட்டேன். எலும்பு நொறுங்கியதைக் கையில் உணர்ந்தேன். எனக்கு அது இனித்தது. எழுதும்போது இப்போதும் இனிக்கிறது. குருவானவரிடம் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்ய நான் வேதக்காரியும் இல்லை. இன்னும் ஒரு தரம் ஓங்கினேன், தலைக்கு. பக்கத்தில் கருவாடு காயவைக்கிற வாடியிலிருந்து ஓடிவந்த பெண்கள் கதவைத் தள்ளி உள்ளே வந்து என்னைப் பிடித்திராவிட்டால் நான்தான் மறியலுக்குள் அடைபட்டிருப்பேன். அவர்களில் ஒரு மனுசி அவன் நெஞ்சில் ஏறி இருந்துகொண்டு வலைக் கயிற்றால் அவன் கையைக் கட்டினாள். பிறகுதான் ஆம்பிளைகள் வந்தார்கள். தலைவரும் வந்தார். "இது குடும்ப விஷயமெல்லோ பிள்ளை, நீங்கள் ஏன் நடுவில…" என்று தொடங்கினார். என் வாய் திறக்க முடியாமல் இருந்தது அவருடைய நல்ல காலம்.

அவனைப் பொலிஸ் காவலோடு ஆஸ்பத்திரியில் போட்டார்கள். எங்கள் இரண்டு பேரையும் அதே ஆஸ்பத்திரியின் மற்றப் பக்கத்தில். திங்கட்கிழமைத் தவணை மாறவில்லை. அவனுக்காக வாதாட வந்த அப்புக்காத்து, அன்றைக்கு நடந்தது ஒரு கைகலப்பு, சங்கத்துப் பெண்தான் முதலில் அடித்தாள், பெண்சாதிக்கு இதற்கு முதல் அடித்ததற்குச் சாட்சியே இல்லை என்று சொல்லப்போவதாக லோயர் அம்மா வந்து சொன்னார். "எனக்கு அந்தப் படங்கள் வேணும் பிள்ளையள்" என்றார்.

ஞாயிறு பின்னேரம், பூசை முடிந்த நேரம், இரண்டு பேரும் சங்கத்துக்குப் போனோம். என் முகத்தைச் சுற்றித் துணி கட்டியிருந்தது. அவளுடைய வலது கை முழங்கைவரை மாக்கட்டு. நிலத்தில் இரத்தத்தை யாரோ கழுவிவிட்டிருந்தார்கள். மூலைக் கணினியைப் போட்டேன். கரண்டைப் பிடுங்கி அணைத்த கணினி அல்லவா, உள்ளே ஏதாவது பழுதா என்று தன்பாட்டில் தேடத் தொடங்கியது. நீலத் திரையில் வெள்ளை எழுத்துகள் ஓடிக்கொண்டே இருந்தன. நாங்கள் திரையையே பார்த்துக்கொண்டு இருந்தோம். கடைசியில் படகுகள் வந்தன. எங்கள் இல்லாத படகும் வந்தது.

முதலில் என் நிர்வாகிக் கணக்கால் போய்ப் பூட்டு இருக்கிறதா என்று பார்த்தேன், இல்லை. அவளுக்குக் கை ஏலாது என்பதால் நானே கடவுச்சொல்லை அடித்தேன். மறப்பேனா அந்தத் திகதியை? பிழை என்றது. விரல் வழுக்கியிருக்கும் என்று, ஒவ்வொரு இலக்கமாகப் பார்த்து மறுபடி அடித்தேன். பிழை.

பிடுங்கி அணைத்ததில் கணக்கே கெட்டுப்போய்விட்டது, நானே என் கையால் அவளுடைய படங்களைக் கொன்றுவிட்டேன் என்று நினைத்தேன். இன்னொரு தரம் பிழைத்தால் பூட்டும். திரும்பி அவளைப் பார்த்தேன்.

அவள் மாக்கட்டைத் தடவிக்கொண்டு இருந்தாள்.

"அது அவருக்குச் சொன்னது அக்கா" என்றாள்.

விளங்க எனக்கு நேரம் எடுத்தது. என்னைக் காப்பாற்ற அவள் படங்களைக் கொடுத்துவிட்டாள் என்றும், என்னுடைய பூட்டுத்தான் அவற்றைக் காப்பாற்றியது என்றும் அந்த இரண்டு நாளும் நான் நினைத்துக்கொண்டு இருந்தேன். அவளுக்கு என் பூட்டைப் பற்றி அந்த நேரத்தில் நினைவே இல்லை. திறக்காது என்று தெரிந்துதான் அந்தத் திகதியைச் சொல்லியிருக்கிறாள். திறக்காவிட்டால் அவன் யாரிடம் திரும்புவான் என்று அவளைவிட வேறு யாருக்குத் தெரியும்? என் கழுத்தில் இருந்த கத்தியை எடுப்பிக்க அவளிடம் இருந்தது அந்த ஒரு பொய்தான்.

"விசரி, பைத்தியமோ உனக்கு?" என்றேன். தாடை வலிக்க வலிக்க அழுதேன்.

"ஓம்" என்றாள். "தள்ளுங்கோ. அங்கால பாருங்கோ."

கதிரையைத் திருப்பிச் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். சண்டைக் காலத்துத் துப்பாக்கிச் சன்னம் பட்ட ஓட்டைகள், பூசாமல் விட்டவை, அந்தச் சுவரில் இருந்தன. எனக்குப் பின்னால் அவள் இடது கையின் ஒரு விரலால் அடித்துக்கொண்டு இருந்தாள். ஒரு தட்டு. நின்று தேடுகிறாள். இன்னொரு தட்டு. நீளமான சொல்லாகத்தான் இருக்க வேண்டும். பிறகு கணினி திறக்கும்போது வருகிற அந்தப் பாட்டுச் சத்தம் வந்தது.

அடுத்த நாள் நீதவான் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுக் கட்டளையைப் போட்டார். அவள் இன்றைக்கும் அந்த வீட்டில்தான் இருக்கிறாள். அந்தச் சொல் என்னவென்று எனக்கு அவள் சொல்லவும் இல்லை, நான் கேட்கவும் இல்லை.